திரை போட்ட பாதைகளும் ஒரு கணிதப் பட்டமும்

இந்த வருடம் சிவராத்திரி விடுமுறைக்கு மறுநாள் காலையில் தம்பி தினேஷ் தொலைபேசியில் அழைத்தார். ஹட்டன் கற்கை நிலையத்தில் நான் ஓய்வுபெற்று எழுந்த கதிரையில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

"மிஸ், புது சிஸ்டம் ஒரு பிள்ளைய டிஸ்கிரீட் பாடத்துக்குப் பதிய விடமாட்டேங்குது. மொதல்ல அல்கோரிதம் பாடம் பாஸ் பண்ணணுமாம்."

"அப்ப அல்கோரிதத்த மொதல்ல பதியச் சொல்லுங்க."

"அதப் பதியப் போனா, மொதல்ல டிஸ்கிரீட் பாஸ் பண்ணணுமாம்."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பதிவுக்கு அன்றுதான் கடைசி நாள்.

கணிதப் பட்டத்துக்குப் பாடம் தெரிவுசெய்வது சந்தையில் மரக்கறி பொறுக்குவது போல அல்ல. ஒன்றை முடித்தால்தான் இன்னொன்றைத் தொடலாம். முந்திய பாடத்திலிருந்து பிந்திய பாடத்துக்கு ஓர் அம்பு என்று வரைந்துகொண்டே போனால், அந்த அம்புகள் எங்கேயும் சுற்றிவந்து புறப்பட்ட இடத்தில் முட்டக் கூடாது. முட்டினால் எந்தப் பிள்ளையும் எந்தக் காலத்திலும் அந்த இரண்டு பாடங்களையும் படிக்க முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், அம்புகள் இப்படி வட்டமடிக்கின்றனவா என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் பாடமே டிஸ்கிரீட்தான். புத்தகத்தில் அதற்குத் தனிநிலைக் கணிதம் என்று பெயர், வாயில் டிஸ்கிரீட். அதையே பிடித்து வட்டத்துக்குள் பூட்டி வைத்திருந்தது கணினி.

"நீங்க இருந்தப்ப கையாலதானே மிஸ் பாத்தீங்க? எப்படின்னு எழுதி அனுப்புங்களேன். புதுசா வந்த ரெண்டு பேருக்கும் காட்டணும்."

செயல்முறையை மட்டும் எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அது யாருக்கும் நினைவில் நிற்காது. ஆகவே புஷ்பலதாவையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் பிறந்தது லிந்துலைப் பக்கத்தில். தோட்டப் பாடசாலை, பிறகு ஹட்டனில் உயர்தரம், பிறகு மலைக்குக் கீழே பல்கலைக்கழகம். வியர்க்கும் ஊரிலும் கணக்குச் சரியாக வரும் என்று நம்புவதற்கே முதல் வருடம் போயிற்று. கொஞ்சக் காலம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். அதன்பின் தொலைக்கல்விப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஹட்டன் நிலையத்தில் போதனாசிரியராகச் சேர்ந்து, அங்கேயே நரைத்தேன்.

நிலையம் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. ஜன்னலுக்கு நேர் கீழே பஸ் நிலையம். "நோர்வூட், நோர்வூட், பொகவந்தலாவை" என்ற கூவல் இல்லாமல் நான் எந்த நிறுவலையும் செய்துகாட்டியதில்லை. வருகிறவர்கள் எல்லாரும் வேலை செய்கிறவர்கள்: பாடசாலை ஆசிரியர்கள், தோட்டக் கந்தோர் கிளாக்கர்கள், ஒரு வங்கி ஊழியர், ஒரு தபாற்காரர். டிஸ்கிரீட்டில் தொகையீடு இல்லை, வகையீடு இல்லை என்று கேள்விப்பட்டு முதல் வகுப்புக்குச் சிரித்த முகத்தோடு வருவார்கள். இருக்கைகளை விட ஆட்கள் அதிகமானால் ஏதாவது ஓர் இருக்கையில் இரண்டு பேராவது இருந்தாக வேண்டும் என்ற கொள்கையை நான் விளக்கியபோது, தபாற்காரர் கையை உயர்த்தினார்.

"மிஸ், எங்க பஸ்ல பாதி சீட்டு காலியா இருக்கறப்பவே ஒரு சீட்ல மூணு பேரு குந்துறாங்க. அதுக்கு என்ன கொள்கை?"

அதற்குக் கொள்கை இல்லை, குளிர் என்றேன்.

பட்டத் தேவைகளைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. மூன்று பென்சில்கள் வைத்திருந்தேன். சித்தியடைந்த பாடம் கறுப்பு, படித்துக்கொண்டிருப்பது நீலம், இன்னும் தொடாதது சிவப்பு. வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் கிரெடிட்டுகளின் மொத்தத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு, பட்டம் கையில் கிடைத்த மாதிரிச் சிரிப்பார்கள். நான் மொத்தத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் கட்டாயப் பாடங்கள், பிறகு மட்டவாரியாகக் குறைந்தபட்சம், பிறகு மொழிப் பாடம், அதன்பிறகே மொத்தம். கட்டாயப் பாடத்தில் ஒரு சிவப்பு இருந்தால் மொத்தம் எவ்வளவு கொழுத்திருந்தும் பயனில்லை.

சுவரில் பழைய கலண்டர்களைப் புரட்டி ஒட்டிய பெரிய தாளில் பாட வரைபடம் தொங்கியது. மேலே முதல் மட்டம், கீழே கடைசி மட்டம். எல்லா அம்புகளும் கீழ்நோக்கித்தான் போக வேண்டும். ஒரு முறை தலைமையகத்துச் சுற்றறிக்கை ஒன்று ஓர் அம்பை மேல்நோக்கிப் போடச் சொன்னது. போட்டுப் பார்த்தேன், தினேஷுக்கு வந்த அதே வட்டம். "அவ்வாறு செய்தால் இரண்டு பாடங்களையும் எவராலும் தொடங்க முடியாது. இரண்டையும் ஒன்றுக்கொன்று முந்திப் படிக்கக்கூடிய மாணவர் கொழும்பில் இருந்தால் அனுப்பி வைக்கவும்" என்று பதில் எழுதினேன். அருளம்பலம் சேர் அதை வாசித்து, இரண்டாவது வாக்கியத்தை மட்டும் பென்சிலால் மெதுவாக வெட்டினார்.

கலாநிதி அருளம்பலம் கணிதப் பகுதிக்குப் பொறுப்பாளர், எனக்கு மேலதிகாரி. யாழ்ப்பாணத்துக்காரர். மாதத்துக்கு ஒரு முறை கொழும்பிலிருந்து ரயிலில் வருவார். கழுத்து வரை ஸ்வெட்டர், கையில் நீளமான கறுப்புக் குடை. முழங்கால் வலிக்கு ஊன்றுகோல், கரும்பலகைக்குச் சுட்டுகோல், மழைக்கு மட்டும் ஏனோ அதைத் திறக்க மாட்டார், நனையுமாம். ஒருவரிடமும் "பிழை" என்று சொன்னதில்லை. விடைத்தாளைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எங்கை தொடங்குது?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போது பிழை தானாக வெளியே வந்து நிற்கும்.

அவர் வைத்த சட்டம் ஒன்று இருந்தது. நிறுவலின் நடுவில் யாராவது "தெளிவாகத் தெரிகிறது" என்று சொன்னால், வகுப்பு முழுவதுக்கும் கீழ்க்கடையில் பிளேன்டீ வாங்கிக் கொடுக்க வேண்டும். "தெளிவெண்டா எழுதிக் காட்டும். எழுத ஏலாதெண்டா தெளிவில்லை" என்பார். நான் வாங்கியிருக்கிறேன். தபாற்காரர் பல முறை வாங்கியிருக்கிறார். சேர் ஒரு முறைகூட அகப்பட்டதில்லை.

புஷ்பலதா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றது ஒரு தைப்பொங்கல் முடிந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை. புதன் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் நான் நீட்டிய பிஸ்கட்டைச் செவ்வாய் விரதம் என்று அவள் வேண்டாமென்றது ஞாபகமிருக்கிறது, ஆகவே செவ்வாய்தான். நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்கு அவள் பொறுப்பாளர். சொந்தமாக இரண்டு பிள்ளைகள். தொட்டில்கள் தூங்கும் மத்தியான வேளையில் படித்துப் படித்தே பட்டத்தின் விளிம்புவரை வந்திருந்தாள்.

கறுப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். ஒரே ஒரு சிவப்பு மிஞ்சியது.

"மொத்தம் சரியா வருதே மிஸ்?"

"மொத்தம் வருது. டிஸ்கிரீட் வரல."

"அதுக்குப் பதிலா வேற ரெண்டு பாடம் செஞ்சிருக்கேனே."

"பத்து செஞ்சாலும் அது கட்டாயம் புஷ்பா. ஏன் விட்டீங்க?"

"வகுப்பு சனிக்கிழமை. சனிக்கிழமையும் கொழுந்து இருக்கே மிஸ். புள்ளைங்கள எங்க விட?" கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "இந்த வருஷம் விட்டா?"

"உங்க பதிவு இந்த வருஷத்தோட காலாவதி."

"பட்டதாரி ஆசிரியருக்கு விண்ணப்பம் போடவும் எனக்கு இதுதான் கடைசி வருஷம். வயசு முடியுது." வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிய செய்தி போல அதைச் சொன்னாள்.

சனிக்கிழமைகளுக்கு உதவியாளர் ஒருவரை ஒழுங்கு செய்தாள். பரீட்சையைப் பற்றி எனக்குப் பயமில்லை. பயம் அந்தப் பாடத்துக்குரிய செயல்திட்டத்தில். அன்றாட வாழ்க்கையின் சிக்கல் ஒன்றைப் புள்ளிகளும் கோடுகளுமாக வரைந்து தீர்வு சொல்ல வேண்டும். அதோடு, அந்தச் சிக்கலுக்கு உரியவர்கள் அந்தத் தீர்வை ஏற்று நடத்திக் காட்டவும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை சேருடையது. கணக்கைச் சரியாகச் செய்து, கேட்க ஆளில்லாமல் இதிலே விழுந்தவர்கள் நிறையப் பேர்.

புஷ்பலதா தெரிவுசெய்தது தோட்டத்து மாரியம்மன் தேரை. டிராக்டர் பெட்டியின் மேல் கட்டிய தேர். திருவிழா ஞாயிறு அன்று கோயிலிலிருந்து புறப்பட்டு, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் உள்ள எல்லாப் பாதைகளிலும் போய், கோயிலுக்கே திரும்பும். லயத்துக்கு லயம் பூசைத்தட்டோடு காத்திருப்பார்கள். அந்தத் தோட்டத்து வழமை, ஒரு பாதையில் தேர் ஒரு தடவைதான் போகலாம். ஒரு லயத்துக்கு அம்மன் இரண்டு தடவை முகம் காட்டினால் மற்ற லயங்கள் விடாது. அடுத்த திருவிழா வரை பேச்சு நடக்கும்.

வரைபடத்தோடு வந்தாள். கோயில், ஆஸ்பத்திரி முடக்கு என்ற வளைவு, ஸ்டோர் என்று எல்லாரும் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை, பிள்ளைக்காம்பரா: நான்கு சந்திகள். இவற்றைச் சுற்றி ஒரு வட்டப்பாதை. ஆஸ்பத்திரி முடக்கிலிருந்து பிள்ளைக்காம்பராவுக்கு மேல் லயத்து வழியாக ஒன்று, பத்தாம் லயத்து வழியாக ஒன்று. விதி எளிது. ஒரு சந்திக்குள் ஒரு பாதையால் நுழைந்தால் வேறொரு பாதையால் வெளியேற வேண்டும். ஆகவே ஒவ்வொரு சந்தியிலும் பாதைகள் சோடி சோடியாக இருக்க வேண்டும். எங்காவது ஒற்றையாக ஒரு பாதை மிஞ்சினால் காரியம் நடக்காது. அவள் படத்தில் எல்லாச் சந்தியிலும் இரண்டு அல்லது நான்கு. எல்லாம் இரட்டை.

சேர் படத்தைத் தூரப் பிடித்தார். "அப்ப சிக்கல் இல்லையே பிள்ளை. தேர் போகும், வரும். இதிலை கேள்வி எங்கை?"

அவளுக்கு முகம் இறங்கிவிட்டது. "எல்லா எடத்துக்கும் போகுதுன்னு காட்டிருக்கேன் சேர்."

"சரி. நீர் காலமை வேலைக்கு வாறீர். எங்கையிருந்து தொடங்குறீர்?"

"வீட்டுலருந்துதான் சேர். புதுவீடு."

குடை நுனி படத்தின் மேல் நின்றது. "அது இதிலை எங்கை?"

அவள் குனிந்து பார்த்தாள். நானும் பார்த்தேன். பிள்ளைக்காம்பராவுக்கு மேலே, லயங்களிலிருந்து வெளியே வந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த தனிவீடுகள். அந்தக் குடியிருப்பு படத்தில் இல்லவே இல்லை. அங்கே குடியிருக்கிறவளே அதை வரையவில்லை. 'தேர் எல்லா எடத்துக்கும் போகும்' என்று தோட்டத்தில் சொன்னால், அந்த 'எல்லா எடத்துக்குள்' புதுவீடு எப்போதும் இருந்ததில்லை. அவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக்காம்பராச் சந்திக்கு இறங்கி வந்து காத்திருந்து பழகிவிட்டார்கள்.

"தேர் அங்க வராது சேர். அதனால வரையல."

"ஏன் வராது?"

"முட்டுப்பாதை. போனா அதே வழியாத்தான் திரும்பணும்."

"ஆ," என்றார் சேர். "இப்ப கேள்வி வந்திட்டுது."

என் பென்சிலை வாங்கிப் புதுவீட்டுக்கு ஒரு கோடு போட்டாள். புதுவீட்டில் ஒரு பாதை. பிள்ளைக்காம்பராவில் நான்கு ஐந்தாயிற்று. இரண்டு சந்திகள் ஒற்றையாகின.

மாசியில் நடந்த கோயில் கமிட்டிக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனாள். கோயில் மண்டபத்தில் பாய் விரித்திருந்தார்கள். தலைவர் பெரியசாமி அவளைப் பேசவிட்டு, முடியும்வரை மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"புள்ள, எங்க அப்பா காலத்துல ஒத்தையும் பாக்கல, ரெட்டையும் பாக்கல. தேர் போய்ட்டு நல்லபடியா வந்துச்சு."

"அப்ப புதுவீடு இல்ல தலைவரே. அதான் வந்துச்சு."

"இப்பவும் வருதே. நீங்க சந்திக்கு எறங்கி வந்துருங்க, அவ்வளவுதான்."

"வரி வாங்க மட்டும் நீங்க மேல ஏறி வர்றீங்களே தலைவரே. அந்தப் பாதை மட்டும் எங்கருந்து வந்துச்சு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். தலைவரும் சிரித்திருப்பார், தலைவர் என்பதால் இருமினார்.

டிராக்டர் டிரைவர் சிவா ஒரு யோசனை சொன்னான். "மேல போய்ட்டு ரிவர்ஸ்லயே எறக்கிறேன். அம்மன் முகம் மேல பாத்தபடியே இருக்கும்."

"எறக்கு," என்றார் பூசாரி. "அம்மன் ஆத்துல, நான் ஆஸ்பத்திரியில."

பூசாரிக்கு இடுப்பு வலி. பெட்டியின் மேல் நின்றபடி குனிந்து குனிந்து தட்டு வாங்கியே அவருக்கு அரை நாள் போகும். ஒரு பாதைக்கு இரண்டு தடவை தட்டு என்றால் தன்னால் முடியாது என்றார். பிறகு அவரே சொன்னார். "அப்படியே திரும்பித்தான் ஆகணும்னா திரைய இழுத்துவிட்ருவோம். அலங்காரத்துக்குத் திரை போட்டா யாராச்சும் தட்டு நீட்டுறீங்களா? இல்லல்ல. அம்மன் உள்ள இருக்கா, வெளிய பாக்கல. அது ஊர்வலம் இல்லப்பா, போக்குவரத்து."

தப்படிக்கும் இளைஞர்களில் ஒருவன் கேட்டான். "அப்ப திரைக்குள்ள இருக்கறப்ப நாங்க அடிக்கலாமா?"

"கூடாது. பேசாம நடங்க."

"ரொம்ப தூரமா?"

அந்தக் கேள்வியைப் புஷ்பலதா பிடித்துக்கொண்டாள். முதல் தடவை திறந்த முகம், இரண்டாம் தடவை திரை. திரை போட்டு நடக்கும் தூரம் எவ்வளவு குறைவாக இருக்க முடியுமோ அவ்வளவு குறைவாக வேண்டும். புதுவீட்டுப் பாதை மட்டும் திரை. தலைவர் "பாப்போம்" என்றார். அந்தத் தோட்டத்தில் அதற்கு மறுப்பு என்று பெயர்; நாகரிகமான மறுப்பு.

சேரிடம் தொலைபேசியில் சொன்னேன். திரை போட்ட பாதை என்ற கருத்து அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. இருந்தாலும், "ஒரேயொரு பாதையைத் திருப்பி நடக்கிறதுக்கு மூண்டு கிரெடிட் குடுக்கிறது கொஞ்சம் தாராளம். அதோடை அவை இன்னும் ஏற்கவுமில்லை" என்றார். பிழை என்று சொல்லவில்லை. ஆனால் நான் சிவப்புப் பென்சிலை இன்னும் உள்ளே வைக்க முடியாது என்பது புரிந்தது.

சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு மழை பிடித்தது. ஆஸ்பத்திரி முடக்குக்கும் ஸ்டோருக்கும் நடுவில் மண் சரிந்து பாதையை மூடிற்று. ஆட்களுக்கு ஒன்றுமில்லை, ஒருவருடைய வாழைகள் மட்டும் வேலி சகிதம் கீழே இறங்கி, நின்ற கோலத்திலேயே பாதையில் நின்றன. திருவிழாவுக்குள் அதை அள்ள முடியாது என்று தோட்ட நிர்வாகம் சொல்லிவிட்டது.

மறுநாள் விடியற்காலையில் தலைவர் புஷ்பலதாவுக்குப் போன் எடுத்தாராம்.

"புள்ள, இப்ப எத்தனை ஒத்தை?"

"நாலு தலைவரே."

"கூடிருச்சா," என்றாராம், தன் இரத்த அழுத்தத்தைக் கேட்டவர் மாதிரி.

ஸ்டோரும் இப்போது முட்டுப்பாதை. புதுவீட்டுக்கு மட்டும்தான் வந்த வழியே திரும்ப வேண்டும் என்றிருந்தது, ஸ்டோர் லயத்துக்கும் வந்துவிட்டது. இனித் திரை இல்லாமல் தேர் நகராது. புதுவீட்டுப் பாதையும் ஸ்டோர்ப் பாதையும் கட்டாயம் திரை. அதன் பிறகும் ஆஸ்பத்திரி முடக்கும் பிள்ளைக்காம்பராவும் ஒற்றையாக நின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே ஏதாவது ஒரு வழியைத் திரை போட்டு இன்னொரு தடவை நடந்தாக வேண்டும். மேல் லயத்து வழியா, பத்தாம் லயத்து வழியா, கோயிலைச் சுற்றியா? மூன்றையும் கயிறு பிடித்து அளந்தாள். பத்தாம் லயம்தான் குட்டை. தலைவர் குடியிருப்பது பத்தாம் லயம்.

"என் வாசல்ல திரையா?" என்றார் தலைவர். "நான் தலைவரா, இல்ல மண்சரிவா?"

"உங்க வாசலுக்கு மொதல்ல தெறந்த முகமாத்தான் வரும். தட்டெல்லாம் வாங்கிட்டு, ஆஸ்பத்திரி முடக்குல திரும்பி, திரை போட்டு வரும். ஒருத்தருக்கும் ஒரு தடவை கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

"மேல் லயத்துக்குப் போட்டா?"

"தப்பு அடிக்காம நடக்குற தூரம் கூடும். பசங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க."

தலைவர் பசங்களைப் பார்த்தார். பசங்க தலைவரைப் பார்த்தார்கள். பத்தாம் லயம் என்று முடிவாயிற்று.

இப்போது கணக்கில் கனம் இருக்கிறது என்று சேர் ஒப்புக்கொண்டார். ஆனால் கூட்டத்தில் தலையாட்டுவது ஏற்பாகாது, தேர் போவதைப் பார்த்தே புள்ளி போடுவேன் என்றார். வெசாக் போயாப் பௌர்ணமிக்கு முந்திய திருவிழா ஞாயிறு அன்று, நானும் அவரும் ஹட்டனிலிருந்து வான் பிடித்துப் போனோம். வானிலிருந்து இறங்கி, ஏற்றத்தைப் பார்த்து, முழங்காலைத் தடவினார்.

"பிள்ளை, நான் எல்லாப் பாதையும் ஏற ஏலாது. எங்கை நிண்டா கூடத் தரம் பாக்கலாம்?"

"பிள்ளைக்காம்பராவுல சேர். நாலு தடவை வரும்."

"ஏன் நாலு?"

"திரைப் பாதையும் சேத்து அங்க எட்டு. ரெண்டு ரெண்டா உள்ள வந்து வெளிய போனா நாலு."

அதுதான் அவளுடைய வாய்மொழிப் பரீட்சையின் முதல் கேள்வி. மீதியைப் பிள்ளைக்காம்பரா ஜன்னலருகில் கேட்கலாம் என்று போனோம். அங்கிருந்த கதிரைகள் எல்லாம் மூன்று வயதுக்கு அளவானவை. சிவப்புக் கதிரை ஒன்றில் சேர் உட்கார்ந்தார். முழங்கால்கள் நெஞ்சு வரை வந்தன; குடை தோளுக்கு மேலே நின்றது. அந்தக் கோலத்திலும் பரீட்சகராகவே இருந்தார்.

தேர் மேல் லயத்து வழியாகத் தப்பு முழங்க வந்தது. சேர் ஒரு விரலை மடக்கினார். அது புதுவீட்டுப் பக்கம் திரும்பியதும் புஷ்பலதா எழுந்து, குறுக்குப் படிகளில் ஏறி ஓடினாள். வீட்டில் தட்டு வைத்திருந்தாள். அவளுடைய பிள்ளைகள் தங்கள் வாசலில் தேரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் ஏறவில்லை. மேலே தப்புச் சத்தம் வழக்கத்தை விட அதிக நேரம் கேட்டது மட்டும் தெரியும்.

பிறகு சத்தம் நின்றது. மஞ்சள் திரை போட்ட தேர், ஆட்கள் ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் நடக்க, இறங்கி வந்தது. இரண்டு. ஸ்டோருக்குத் திறந்த முகமாகப் போய், திரையோடு திரும்பியது. மூன்று. அதற்குள் புஷ்பலதாவும் நெற்றியில் குங்குமத்தோடு வந்து எங்கள் பக்கத்தில் நின்றாள்.

அங்கேதான் சிவா பிழை விட்டான். மத்தியானம் ஆகிவிட்டது. கோயிலடியில் அன்னதானத்துக்குக் கிடாரத்தை இறக்கும் வாசம் வந்தது. எத்தனையோ வருடமாகப் பிள்ளைக்காம்பராவிலிருந்து கோயிலுக்குப் போவதுதான் கடைசிப் பாதை. கை தானாக ஸ்டியரிங்கைக் கோயில் பக்கம் ஒடித்தது. டிராக்டரின் முன்சில்லு திரும்பிவிட்டது. கூட்டமும் சோற்றை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கமே திரும்பியது.

புஷ்பலதா என் கையைப் பிடித்தாள். அவள் கத்தினால் தேர் நிற்கும். ஆனால் பரீட்சகர் முன்னிலையில், தீர்வைச் செய்தவளே வந்து நடத்திக் கொடுத்ததாகிவிடும். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள்.

"டேய் சிவா!"

தலைவர் பெரியசாமியின் குரல். தேருக்கு முன்னால் சால்வையோடு நடந்தவர், டிராக்டர் மூக்கில் கையை ஊன்றி நின்றார்.

"எங்கடா ஒடிக்கிற? பத்தாம் லயம் கெடக்கு."

"சாப்பாடு ஆறுது தலைவரே. மொதல்ல கோயிலுக்குப் போய்ட்டு அப்புறம் பாத்துக்கலாமே."

"கோயிலுக்குப் போய்ட்டா கோயிலுக்குப் பாதை தீந்துச்சுடா. அங்க ரெண்டே ரெண்டு. அப்புறம் வெளிய வரணும்னா இன்னொரு பாதைக்குத் திரை போடணும், பசங்க இன்னும் தூரம் பேசாம நடக்கணும். இப்ப பத்தாம் லயம் ஏறு, முடக்குல திரும்பு, திரை போடு, வா. அப்புறம் கோயில். எல்லாம் ரெட்டையா முடியும். ஏறு."

சிவா ஏறினான். தப்பு முழங்கியது. கொஞ்ச நேரத்தில் திரை போட்டபடி, சத்தமில்லாமல், தேர் நான்காம் தடவையாக எங்களைக் கடந்து கோயிலுக்குப் போயிற்று.

சேர் நான்காவது விரலை மடக்கினார். அந்தக் குட்டிக் கதிரையிலிருந்து எழ எங்கள் இரண்டு பேரின் கையும் தேவைப்பட்டது.

"கேக்கிறதுக்கு இன்னும் நாலு கேள்வி வைச்சிருந்தனான்," என்றார். "தலைவரே எல்லாத்துக்கும் விடை சொல்லிப்போட்டார். இனி என்ன, தெளிவாத் தெரியுது."

நானும் புஷ்பலதாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சேரும் தான் சொன்னதைக் கேட்டுவிட்டார். எத்தனையோ வருடம் காத்திருந்த வசனம். தபாற்காரர் அருகில் இல்லையே என்று வருந்தினேன்.

"இஞ்சை கடை எங்கை இருக்கு?" என்றார் மெதுவாக.

"திருவிழா நாள்ல கடை இல்ல சேர்," என்றாள் புஷ்பலதா. "டீ குடுக்க வேணாம். வீட்டுக்கு வந்து குடிங்க."

அவளுடைய பெறுபேறு ஆடி மாதத்தில் வந்தது. கடைசிச் சிவப்பைக் கறுப்பாக்கினேன். பட்டதாரி ஆசிரியர் விண்ணப்பம் அந்த வருடமே போயிற்று. இப்போது அவள் படிப்பிப்பது ஓர் ஆறாம் வகுப்புக்கு. இவையெல்லாம் பதிவில் இருக்கின்றன, தினேஷ் பார்த்துக்கொள்ளலாம். தினேஷின் வட்டத்துக்கும் அன்றே வழி சொன்னேன்: ஒவ்வொரு அம்பையும் பிடித்து, இது எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள். மத்தியானத்துக்குள் பிழையான அம்பைக் கண்டுபிடித்துவிட்டார்.

பதிவில் இல்லாதது அன்று மத்தியானம் நடந்ததுதான். சேர் குடையை ஊன்றி ஊன்றிப் புதுவீட்டுப் பாதையில் ஏறினார். தேர் வந்த வாசலுக்குக் கொழும்பு சேரும் வருகிறார் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேத்தல் கொதித்தது. ஒருவர் கையால் வாங்கி இன்னொருவரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. புஷ்பலதாவின் வீடோ பாதையின் கடைசி. அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் வயிற்றில் ஒரு சிறிய தொழிற்சாலையின் உற்பத்தி இருந்தது. அங்கும் குடித்தார்.

திரும்பி வர வேறு வழி இல்லை. முதல் வீட்டைத் தாண்டும்போதே வாசலில் ஓர் அம்மா கோப்பையோடு நின்றார். "சேர், எறங்கறப்பவும் ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க."

மழை இல்லை. வெயில்கூட இல்லை. அருளம்பலம் சேர் நின்றார். நான் பழகிய காலத்தில் ஒரு முறையும் திறந்து பார்த்திராத அந்தக் குடையை விரித்தார்; முகத்துக்கு முன்னால் சரித்துப் பிடித்தார்; அதற்குப் பின்னாலிருந்து சொன்னார்.

"திரை போட்டாச்சு, அம்மா."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒதுங்கி வழிவிட்டார். அடுத்த வீட்டிலும் விட்டார்கள். சந்தி வரும்வரை ஒருவரும் கோப்பையை நீட்டவில்லை.